விரிவாக்கம் என்றால் இன்னொரு ஏரேஷன் தொட்டி கட்டுவதுதானா?

மூன்றாம் ஷிஃப்ட்:

வணக்கம். ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தவன், இப்போது பிராசஸ் என் பொறுப்பு. சாயப்பட்டறைகள், மின்முலாம் பூசும் பட்டறைகள், இரண்டு உணவுத் தொழிற்சாலைகள், ஒரு மருந்து மூலப்பொருள் ஆலை என்று மொத்தம் இருபத்து மூன்று இணைப்புகள். நாளுக்கு 4,000 கன மீட்டருக்குக் கட்டிய நிலையம். வருவது சராசரியாக 3,400. கணக்குப்படி இன்னும் இடம் இருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது வெளியே போகிற நீரில் சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) வரம்பைத் தாண்டிவிடுகிறது. அமோனியா கதை அதைவிட மோசம்.

இந்த லட்சணத்தில் இன்னும் ஆறு ஆலைகள் இணைப்புக் கேட்டு நிற்கின்றன. நிர்வாகம் விரிவாக்கத்துக்குத் தலையாட்டிவிட்டது. ஒரு ஆலோசகர் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இருக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு ஏரேஷன் தொட்டியும் (நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னக் காற்றடிக்கும் தொட்டி) ஒரு க்ளாரிஃபையரும் (அந்த நுண்ணுயிர்ச் சகதியான ஸ்லட்ஜைப் படியவிட்டுப் பிரிக்கும் தொட்டி) வரைந்து கொடுத்திருக்கிறார். இன்னொருவர், தொட்டியெல்லாம் எதற்கு, இருப்பதிலேயே மெம்பிரேனை (நுண்துளை வடிகட்டிச் சவ்வு) இறக்கி எம்.பி.ஆர். (மெம்பிரேன் பயோரியாக்டர்) ஆக்கிவிடலாம் என்கிறார். இரண்டு பேரும் கேட்டு வாங்கியது லேப் பதிவேட்டின் ஒரு வருடச் சராசரியை மட்டும்தான்.

எனக்கு உறுத்துவது ஒன்று. பகலில் ஏரேஷன் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் குறையாது. விடியற்காலை நாலு மணிக்கு மீட்டர் 0.4 காட்டும். காற்றடிக்க ஓடுவது அதே ப்ளோயர்தான். ராத்திரி ஷிஃப்டில் இருந்த காலத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் மீட்டரைத் துடைக்கச் சொல்வார்கள். அடுத்த மாதம் என் அறிக்கை போக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பழைய வால்வு:

தம்பி, உங்கள் லேப் ஆள் சாம்பிள் எடுப்பது எத்தனை மணிக்கு?

மூன்றாம் ஷிஃப்ட்:

காலை பத்து மணிக்கு, ஒரே தடவை. இன்லெட்டில் ஒரு பாட்டில், அவுட்லெட்டில் ஒரு பாட்டில்.

பழைய வால்வு:

நினைத்தேன். முதலில் அந்த இரண்டு வரைபடங்களையும் சுருட்டி மேசைக்கு அடியில் வையுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் இதே கூத்து நடந்தது. பத்து மணி சாம்பிளின் சராசரியை நம்பி இரண்டாவது தொட்டி கட்டினோம். திறப்பு விழா முடிந்த மூன்றாம் மாதமே பழைய நிலைக்கு வந்துவிட்டோம். முன்பு ஒரு தொட்டியில் பொங்கிய நுரை இப்போது இரண்டில் பொங்கியது, அவ்வளவுதான்.

நீங்கள் கன மீட்டரில் யோசிக்கிறீர்கள். நுண்ணுயிருக்குக் கிலோதான் கணக்கு. 3,400 கன மீட்டரில் சி.ஓ.டி. 1,800 மி.கி. என்றால் நாளுக்கு 6,120 கிலோ, மணிக்கு 255 கிலோ. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ரியாக்டரைக் கழுவி விடுகிறார் என்று வையுங்கள். வரத்து மணிக்கு அதே 140 கன மீட்டர்தான், ஆனால் சி.ஓ.டி. 5,000. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 700 கிலோ. சராசரிக்கு அளவெடுத்த ப்ளோயர் என்ன செய்யும்? உங்கள் 0.4 பொய் சொல்லவில்லை.

குறைந்தது பத்து நாள், வார விடுமுறையும் உள்ளே வருகிற மாதிரி, மணிக்கு ஒரு சாம்பிள் எடுங்கள். தானியங்கி சாம்ப்ளர் இல்லையென்றால் வாளியும் தூங்காத ஆளும் போதும். ஃப்ளோ மீட்டரையும் சந்தேகப்படுங்கள். மின்காந்த மீட்டர் குழாய் நிரம்பி ஓடினால்தான் சரியாகக் காட்டும். பாதி நிரம்பி ஓடும் இடத்தில் அதை மாட்டிவிட்டு வருடக்கணக்கில் நம்பியிருக்கிறோம் நாங்கள். அப்புறம் சாயப்பட்டறை உப்பு. சி.ஓ.டி. சோதனையில் குளோரைடும் ஆக்சிஜனேற்றமாகி எண்ணை ஏற்றிக் காட்டும். அதைத் தடுக்க மெர்க்குரிக் சல்ஃபேட் சேர்த்தாலும், குளோரைடு 2,000 மி.கி.யைத் தாண்டினால் சாம்பிளை நீர்க்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வருகிற நீரைத் தேக்கிக் கலந்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற சமன் தொட்டி எப்படி இருக்கிறது?

மூன்றாம் ஷிஃப்ட்:

வடிவமைப்பில் எட்டு மணி நேரக் கொள்ளளவு, சுமார் 1,330 கன மீட்டர். மூன்று மிக்சரில் இரண்டு ஓடி வருடங்கள் ஆகின்றன. நீங்கள் கேட்டதும் போய்க் கம்பு விட்டுப் பார்த்தேன். நாலு மீட்டர் ஆழத்தில் இரண்டு மீட்டர் சகதி.

பழைய வால்வு:

அப்படியானால் இன்றைய வரத்துக்கு அது ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. மிக்சரும் இல்லாமல் அதைச் சமன் தொட்டி என்று எப்படிச் சொல்வது? அகலமான வாய்க்கால். உள்ளே வந்தது வந்த வேகத்தில் ஏரேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

லேப் பக்கம்:

எல்லாரும் சி.ஓ.டி.யிலேயே நிற்கிறீர்கள், அமோனியாவையும் கொஞ்சம் பாருங்கள். 1 கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதோடு கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் காலியாகும். வருகிற நீரில் அமோனியா நைட்ரஜன் 60 மி.கி. என்றால் லிட்டருக்கு 428 மி.கி. காரத்தன்மை அதற்கே போய்விடும். அவ்வளவு இல்லையென்றால் பி.எச். இறங்கும், நைட்ரஜன் பாக்டீரியா படுத்துவிடும். எங்கள் இடத்தில் மாதக்கணக்கில் ப்ளோயரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சும்மா அவுட்லெட் காரத்தன்மையை அளந்தேன், 30 இருந்தது. அன்றைக்கு ப்ளோயரிடம் மன்னிப்புக் கேட்காததுதான் பாக்கி.

தொட்டியின் முன்பகுதியைத் தடுத்துக் காற்றடிக்காமல் வைத்து, நைட்ரேட் உள்ள நீரை அங்கே திருப்பி விட்டால் இழந்த காரத்தன்மையில் பாதி வரை திரும்பக் கிடைக்கும், ஆக்சிஜனும் மிச்சமாகும். இது புதுத் தொட்டி இல்லாமலே செய்யக்கூடிய வேலை.

இன்னொன்று, மின்முலாமும் மருந்து ஆலையும் இருப்பதால் நச்சுச் சோதனை செய்யாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், சார். உங்கள் ஸ்லட்ஜை ஒரு பாட்டிலில் நன்றாகக் காற்றடித்து, மூடி, டி.ஓ. (கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொரு ஆலையின் நீரையும் தனித்தனியாகக் கொஞ்சம் சேர்த்து அதையே செய்யுங்கள். சாப்பாடு கிடைத்தால் வேகம் கூட வேண்டும். குறைந்தால் அந்த நீர் விஷம். நைட்ரஜன் பாக்டீரியாவை மட்டும் நிறுத்துகிற அலைல் தயோயூரியா சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை பார்த்தால் நைட்ரஜன் பாக்டீரியாவின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும்.

ப்ளோயர் ரூம்:

எம்.பி.ஆர். பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஓட்டிக் கை சுட்டவன். மெம்பிரேன் ஸ்லட்ஜை நன்றாகப் பிரிக்கும், மறுக்கவில்லை. உங்களுக்கு க்ளாரிஃபையரில் ஸ்லட்ஜ் தப்பிப் போவதுதான் நோய் என்றால் அது மருந்து. ஆனால் கரைந்திருக்கிற சி.ஓ.டி.க்கும் அமோனியாவுக்கும் ஆக்சிஜன்தான் வேண்டும். எம்.எல்.எஸ்.எஸ்.ஐ (தொட்டி நீரில் மிதக்கும் ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 10,000 மி.கி.க்கு ஏற்றினால் குழம்பு கெட்டியாகி, அடிக்கிற காற்றில் கரைவது இன்னும் குறையும். கரண்டு பில்லில் பெரிய பங்கு ஏற்கெனவே ப்ளோயருடையது. கூடவே, முன்னால் ஓரிரு மில்லிமீட்டர் சல்லடை வேண்டும். இல்லையென்றால் சாயப்பட்டறை நூல் மெம்பிரேனில் ஜடை பின்னிவிடும்.

30 நிமிட ஸ்லட்ஜ் படிவு எவ்வளவு? தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக விடுகிற டிஃப்யூசர் எந்த ரப்பர்?

மூன்றாம் ஷிஃப்ட்:

படிவு லிட்டருக்கு 900 மி.லி., எம்.எல்.எஸ்.எஸ். 4,000. டிஃப்யூசர் இ.பி.டி.எம்.

ப்ளோயர் ரூம்:

எஸ்.வி.ஐ. (1 கிராம் ஸ்லட்ஜ் படிந்து பிடிக்கும் இடம், மி.லி.யில்) 225. 150க்கு மேல் போனாலே படிவது சிரமம். ஆக்சிஜன் பற்றாத தொட்டியில் நூல்போல நீளும் பாக்டீரியா தலைதூக்குவது வழக்கம், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். இ.பி.டி.எம். எண்ணெயும் கரைப்பானும் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மூன்றாம் ஷிஃப்ட்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பத்து நாள் மணிக்கொரு சாம்பிள் எடுத்தோம். பழைய வால்வு சார் உத்தேசமாக எழுதிய 5,000 எங்களுக்கு 5,300. ஒரு நாள் சுமையில் மூன்றில் ஒரு பங்கு ராத்திரி ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வருகிறது. பதிவேட்டில் 1,800 என்றிருந்த சராசரி, 24 மணி நேரக் கூட்டுச் சாம்பிளில் 2,100. அவுட்லெட் காரத்தன்மை 45, பி.எச். 6.4. மருந்து ஆலை நீரைப் பத்தில் ஒரு பங்கு கலந்ததும் ஸ்லட்ஜின் மூச்சு பாதியாகிவிட்டது. கழற்றிய டிஃப்யூசர் இட்லி மாதிரி உப்பியிருந்தது.

அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: முதலில் சமன் தொட்டியைத் தூர்வாரி மிக்சர்களை மாற்றுவது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சமன் தொட்டி, மருந்து ஆலைக்குத் தனியாக ஒரு தேக்கத் தொட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவது. காரம் டோசிங். டிஃப்யூசர் மாற்றம். மூன்று மாதம் கழித்து மறுபடி மணிக்கொரு சாம்பிள். ஏரேஷன் தொட்டி வேண்டுமா என்பது அதற்குப் பிறகு. புது ஆறு இணைப்புகளுக்கும் ஒப்பந்தத்தில் நாளுக்கு எத்தனை கன மீட்டர் என்பதோடு மணிக்கு எத்தனை கிலோ என்றும் போட வேண்டும். மேனேஜர் முழுவதும் படித்துவிட்டு, "புதுத் தொட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். இரண்டாவது தடவை விளக்கியதும் கையெழுத்துப் போட்டார்.

சகதியில் குரோமியம் இருக்கிறது, அதனால் அபாயகரக் கழிவாகத்தான் அனுப்புகிறோம். வரும் வெள்ளிக்கிழமை நீரை இறக்கிவிட்டு நாலு ஆளை உள்ளே விடலாம் என்றிருக்கிறேன்.

பழைய வால்வு:

ஆளை விடாதீர்கள். அந்த இரண்டு மீட்டர் சகதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும், 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. மேலிருந்தே நீரைப் பீய்ச்சிக் கரைத்து ஸ்லட்ஜ் பம்பால் இழுங்கள். கடைசிக் கொஞ்சத்துக்கு ஆள் இறங்கியே ஆக வேண்டுமென்றால் கேஸ் மீட்டர், காற்றடிப்பு, மூச்சுக் கருவி, இடுப்புக் கயிறு, மேலே ஒரு ஆள். மேலே நிற்பவர் எது நடந்தாலும் பின்னாலேயே குதிக்கக் கூடாது என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம் ஷிஃப்ட்:

தள்ளிவிட்டேன் சார். பம்ப் வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது.