பலாக் கிண்ணம் வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் சின்ன லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) கிண்ணம் கடைவேன், தட்டமும் செய்வேன்.

மொறட்டுவையில் ஒரு மரக்காலையில் பலாத் துண்டு வாங்கினேன். பச்சை மரம். உளி பட்டதும் மஞ்சள் சுருள் ஈரத்தோடு கையில் ஒட்டிக்கொண்டே வந்தது, அப்படி ஒரு சுகம்! 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓரம் 1 அங்குலத் தடிப்பு விட்டு முதல் கடைசலை முடித்து (காய்ந்த பிறகுதான் இறுதிக் கடைசல்), மெழுகு பூசி, கடதாசிப் பையில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது நிறுத்துப் பார்க்கிறேன், நிறை இன்னும் இறங்குகிறது. ஆனால் நார் முடியும் இரண்டு பக்கமும் விளிம்பில் மெல்லிய வெடிப்பு. நடுத்தண்டு துண்டில் இல்லை, அதை முதலே அறுத்து விலக்கிவிட்டேன்.

கொழும்பின் இந்தக் கடற்காற்று ஈரத்தில் நீங்கள் எப்படி உலர்த்துகிறீர்கள்? மரச்சீவலுக்குள் புதைத்து வைப்பது நல்லதா? வெடிப்புக்குள் சூப்பர் குளூ விட்டால் மேலும் ஓடாமல் நிற்குமா? ஏசி அறையில் வை என்கிறான் தம்பி. அவசரமாகக் காய்ந்தால் இன்னும் மோசமாகும் என்பது என் எண்ணம்.

அப்புறம் பூச்சு. சாப்பாடு வைக்கிற சாமான், தேங்காய் எண்ணெய் காயாது, காறல் வாடை வரும். பார்மசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபினோடு தேன்மெழுகு உருக்கிப் பூசுகிறேன், ஆனால் கழுவக் கழுவப் போய்விடுகிறது. டங் மரக்கொட்டையில் எடுக்கும், பூசினால் காய்ந்து இறுகும் டங் எண்ணெய் கலப்பில்லாமல் கொழும்பில் எங்கே கிடைக்கும்? பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் வார்னிஷைத்தான் நீட்டுகிறார்கள்.