பபேசியா வந்த நாய் பிழைக்குமா? எந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது?

கேள்வி:
எங்கள் செவலைக்கு நான்கு வயது. உண்ணிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் பபேசியா (உண்ணி கடித்துப் பரவி, சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒட்டுண்ணி), அதிலும் பெரிய வகை என்று சொன்னார்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் இமிடோகார்ப் ஊசி போட்டாயிற்று, டிரிப்ஸ் ஓடுகிறது. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 28,000, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 21. ரிப்போர்ட் வந்தாலே பிளேட்லெட்டைத்தான் முதலில் தேடுகிறேன். பிழைத்துவிடுவாளா என்று கேட்டால் டாக்டர் "இரண்டு நாள் பார்க்கலாம்" என்கிறார். அந்த இரண்டு நாளில் எதைப் பார்ப்பார்கள்?

பதில் 1 (நாய் வளர்ப்பவர்):
தைரியமாக இருங்கள். எங்கள் மணிக்கு பிளேட்லெட் இதைவிடக் கீழே போய், ஒரு வாரத்துக்குள் தானாக ஏறியது. செவலைக்கு ஒட்டுண்ணி நிறையத் தெரிந்ததா? குறைவாக இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறேன்.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
பிளேட்லெட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பபேசியா வந்த நாய்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது விழும். லேசாக வந்து போகிற நாய்க்கும் விழும், சாகக் கிடக்கிற நாய்க்கும் விழும். அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மூக்கில் ரத்தம் வந்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ அது வேறு விஷயம், உடனே சொல்லுங்கள்.

மேலே ஒருவர் சொன்ன ஒட்டுண்ணிக் கணக்கையும் நம்ப வேண்டாம். பபேசியா கேனிஸ் வகையில் நூறு சிவப்பணுவுக்கு ஒன்றில்கூட ஒட்டுண்ணி இருக்காது, நாயோ எழுந்திருக்காது. சிவப்பணு உடைவது பாதிக் கதைதான். உடம்பு தானே கிளப்பும் அழற்சி சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று கை வைக்கும்போதுதான் ஆபத்து.

நான் வார்டில் முதலில் பார்ப்பது லாக்டேட்டும் சர்க்கரையும். லாக்டேட் என்பது ரத்தத்தில் அளக்கும் ஓர் அமிலப் பொருள்; திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் அது ஏறும். தென்னாப்பிரிக்காவில் பபேசியா ரோஸி என்ற வகை வந்த நாய்களை ஆராய்ந்தபோது, சிகிச்சை தொடங்கிய பிறகும் லாக்டேட் இறங்காத நாய்களும் சர்க்கரை குறைந்த நாய்களும்தான் அதிகம் இறந்தன. உங்களுக்கு வந்திருப்பது ரோஸியாக இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் நான் எல்லா வகையிலும் இதைப் பார்க்கிறேன். முதல் அளவு எவ்வளவு என்பதைவிட, சில மணி நேரம் கழித்து எடுத்தால் இறங்கியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். உங்கள் டாக்டர் இரண்டு நாள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் சிறுநீர். கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்குக் குறையாமல் போக வேண்டும். யூரியா மட்டும் ஏறியிருந்தால் பதற வேண்டாம், சிவப்பணு உடையும்போது அது தனியாகவும் ஏறும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இன்னொரு கழிவான கிரியேட்டினினும் சேர்ந்து ஏறி, சிறுநீரும் குறைந்தால்தான் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். வலிப்பு வந்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நிலைமை மோசம். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிசிவி நன்றாக இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னாலும் கவனம் தேவை. ரோஸி வகையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டு வெளியேறி, பிசிவி ஏறித் தெரியும். அப்படிப்பட்ட நாய்கள் ரத்தசோகை நாய்களைவிட மோசமாகப் போவதுண்டு.

கேட்டவர்:
நன்றி டாக்டர். இன்று லாக்டேட் 4.1லிருந்து 2.2 ஆகியிருக்கிறது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. ஆனால் பிசிவி 18. கூப்பிட்டால் தலையைத் தூக்குகிறாள், கொஞ்சம் சாப்பிட்டாள். பிசிவி இறங்கியது ஏன்?

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
லாக்டேட் பாதியானது எனக்கு நிம்மதி தருகிற செய்தி. பிசிவி இன்னும் கொஞ்சம் இறங்கலாம். டிரிப்ஸ் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, ஏற்கெனவே பழுதான சிவப்பணுக்களும் உடைந்துகொண்டிருக்கும். எலும்பு மஜ்ஜை புதிய செல்களை அனுப்ப மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் சிவப்பணு) எண்ணிக்கை கேட்டுப் பாருங்கள். அது ஏறத் தொடங்கினால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று தெரியும். நாடி வேகமெடுத்து, ஈறு வெளுத்து, சோர்ந்துபோனால் பிசிவி 15 ஆகும்வரை காத்திருக்காமல் ரத்தம் ஏற்றச் சொல்லுங்கள்.

பதில் 3:
சின்ன வகையான கிப்சோனியை இமிடோகார்ப் ஒழிக்காது. எங்கள் நாய்க்கு அந்த ஊசியில் காய்ச்சல் விட்டது, சில மாதத்தில் திரும்பி வந்தது. பிறகு அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளையும் பத்து நாள் கொடுத்தோம். செவலைக்கு எந்த வகை என்று பிசிஆரில் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் ரத்தப் பரிசோதனை) உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
ஆமாம், பிழைப்பது வேறு, ஒட்டுண்ணி போவது வேறு. கிப்சோனி என்றால் மருந்து முடிந்து 60ஆம் நாளும் 90ஆம் நாளும் பிசிஆர் எடுங்கள், இரண்டிலும் இல்லை என்று வர வேண்டும். பெரிய வகைதான் என்றால் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது இமிடோகார்ப் ஊசி உண்டு, தேதியை இப்போதே குறித்து வையுங்கள். நாளைக் காலை ரிப்போர்ட்டையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.