மறுமொழி: ‘மாதிரி உயிரி’க்குப் பதில் ‘பதிலுயிரி’

அன்புள்ள குழுவினர்க்கு,

மாணவர் கையேட்டில் நூற்புழு பற்றிய இயல் மெய்ப்புக்கு வந்துவிட்டது. மற்ற உயிர்களைப் பற்றி அறிய விரிவாக ஆராயப்படும் உயிரியை (model organism) அதில் ‘மாதிரி உயிரி’ என்கிறோம். அதைப் ‘பதிலுயிரி’ என்று மாற்ற வேண்டும் என நான் எழுதியதற்கு வந்த மறுப்புகளுக்கு விடை சொல்வதை இனியும் தள்ளிப்போட முடியாது.

> பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

மெய்ப்பில் உள்ள இந்த வரியைப் படியுங்கள்: “மண் மாதிரியிலிருந்து அந்த மாதிரி உயிரியைப் பிரித்தெடுத்தார்கள்.” முதல் மாதிரி, வேளாண்மை அலுவலகத்துக்கு நாம் பையில் கட்டிக் கொண்டுபோகும் அரைக் கிலோ மண். இரண்டாவது மாதிரி, ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த புழு. ‘அந்த’ முன்னால் வந்து உட்கார்ந்ததும் “அப்படிப்பட்ட ஏதோ ஓர் உயிரி” என்ற மூன்றாவது பொருளும் முளைத்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

> ‘முன்மாதிரி உயிரி’ என்று வைத்தால் குழப்பம் தீரும்.

ஒரு குழப்பம் தீரும், வேறொன்று வரும். முன்மாதிரி என்றால் அதைப் பார்த்து மற்றவற்றைச் செய்கிறோம் என்று பொருள், அல்லது ஒழுக்கத்தில் பின்பற்றத்தக்கவர் என்று பொருள். அழுகும் பழத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழும் புழுவை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

> ஆய்வுயிரி போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது.

குலசேகரத்து அண்ணாச்சி கேட்டிருக்கும் இதுதான் நல்ல கேள்வி. அண்ணாச்சி, உங்கள் ஏத்தன் வாழையின் வேரைத் துளைத்து, காற்றடித்தால் மரத்தையே சாய்த்துவிடும் நூற்புழுவையும் ஆராய்கிறார்கள். அதை ஒழிக்க வழி தேடி ஆராய்கிறார்கள். ஊடுபயிராகக் கேந்தி (செண்டுமல்லி) போடச் சொல்வதும் அந்த ஆராய்ச்சியின் பயன்தான். அங்கே புழுவைப் பற்றிய கேள்விக்குப் புழுவிடமே விடை தேடுகிறார்கள். நம் இயலில் வரும் சீனோராப்டைட்டிஸ் எலெகன்ஸ் என்ற நூற்புழு அப்படியல்ல. அது யாருடைய பயிரையும் கெடுக்கவில்லை, யாருடைய குடலிலும் வாழவில்லை. மற்ற உயிர்களைப் பற்றிய கேள்விகளை அதனிடம் கேட்கிறோம். சொல்லில் தெரிய வேண்டியது இந்த வேறுபாடு.

கேள்வி கேட்க அதைவிட வசதியான விலங்கு கிடைப்பது அரிது. வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய ஒரு சிறு நூற்புழு போதும் என்று 1963இல் கேம்பிரிட்ஜில் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் முன்மொழிந்தார். பிறகு அவர் நிலைத்தது இந்த எலெகன்ஸில். நீளம் 1 மில்லிமீட்டர். அகார் தட்டில் பூசிய பாக்டீரியாப் படலம்தான் உணவு. முட்டை மூன்று நாளைக்குச் சற்று மேலாக முதிர்ந்த புழுவாகிவிடும். உறைய வைத்து எடுத்துவைத்தால் ஆண்டுகள் கழித்தும் உயிர்பெறும். எல்லாவற்றையும்விட, உடல் கண்ணாடி. நுண்ணோக்கியில் வைத்தால் தொண்டைத் தசை இரை இழுத்துத் துடிப்பதும், வயிற்றுக்குள் முட்டைகள் வரிசையாகப் பிளவுபடுவதும் அறுக்காமலே தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஜான் சல்ஸ்டனும் உடன் உழைத்தவர்களும் ஒரே கருமுட்டையிலிருந்து ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லின் வழிவந்தது என்ற முழுக் கொடிவழியை 1983க்குள் வரைந்து முடித்தார்கள். முதிர்ந்த இருபால் புழுவின் உடலில், இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக, 959 செல்கள். அவற்றில் 302 நரம்புச் செல்கள். வளரும் வழியில் 131 செல்கள் குறித்த நேரத்தில் தாமே மடிகின்றன. அந்த மடிதலை இயக்கும் மரபணுக்களைப் புழுவில் ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்த பிறகு அவற்றின் உறவுகளை மனிதனிடமும் கண்டார்கள். பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. 1993இல் இதே புழுவில் முதன்முதலாகப் பிடிபட்ட, மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் நுண் ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறும் அப்படித்தான், பின்னர் நம் உடலிலும் இருப்பது தெரிந்தது. அதற்கான நோபல் 2024இல் அதைக் கண்டறிந்த ஆம்ப்ரோசுக்கும் ருவ்குனுக்கும்.

இத்தனையிலும் புழு செய்தது ஒன்றே: நமக்குப் பதிலாக நின்றது. அதனால்தான் ‘பதிலுயிரி’ என்கிறேன். பால்வெட்டுக்காரர் வராத நாளில் ரப்பர் தோட்டத்துக்குப் பதிலாள் வருகிறாரே, அந்தச் சொல்லின் அச்சில் வார்த்தது. ‘பதில்’ என்பதற்கு விடை என்ற பொருளும் உண்டு. அது இங்கே இடையூறு செய்யவில்லை, துணைதான் நிற்கிறது.

> பதில் அரபியிலிருந்து வந்த சொல். விடையுயிரி, மாற்றுயிரி என்று தமிழிலேயே ஆக்கலாமே?

வந்தது உண்மை, வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விடை என்றால் சிவபெருமான் ஏறும் காளை. விடைக்கோழியும் கூடவே வரும். மாற்றுயிரிக்கும் ‘மரபணு மாற்று உயிரி’க்கும் இடையே இருப்பது ஒரு மயிரிழை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

> மனிதனுக்குப் புழு பதிலாகுமா? மிகைப்படுத்துகிறீர்கள்.

முழுப் பதில் ஆகாது. அதற்கு இதயம் இல்லை, எலும்பு இல்லை, இரத்தக் குழாய் இல்லை. மாரடைப்பைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. பதிலாளும் எல்லா வேலைக்கும் வருவதில்லை. எந்தக் கேள்விக்கு எந்த உயிரி என்று பொறுக்கி எடுப்பதே பாதி ஆராய்ச்சி. பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையின் வகைமருந்துகள் புழுவின் உடலில் எங்கே தாக்குகின்றன, எந்த மரபணு மாறினால் அவை பலிக்காமல் போகின்றன என்பதற்கு எலெகன்ஸ் நல்ல சாட்சி சொன்னது. அங்கே அது குடலில் வாழும் உருளைப்புழுவுக்குப் பதிலாக நின்றது. ஆக, பதிலுயிரி மனிதனுக்கு மட்டுமே பதில் என்று சொல்லின் விளக்கத்தில் எழுதிவிடக் கூடாது.

கூடவே இரண்டு சில்லறைத் திருத்தங்கள். இயலின் தலைப்பில் ‘உருளைப்புழு’ வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றில் இருக்கும் சாண் நீளப் புழுதான் நினைவுக்கு வரும். வாழைக்காரர்கள் வாயில் புழங்கும் ‘நூற்புழு’ இதன் உருவத்துக்கும் பொருந்துகிறது. அடுத்து, ‘எலிகன்ஸ்’ என்ற எழுத்துக்கூட்டல். பிள்ளைகள் ஆய்வகம், எலி என்று சேர்த்துப் படித்துவிட்டு, படத்தில் வாலைத் தேடுகிறார்கள். எலெகன்ஸ் என்றே போடுவோம்.

சொல்லடைவில் இப்படிச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு:

பதிலுயிரி: பிற உயிரிகளுக்கும் பொருந்தக்கூடிய உயிரியல் செய்திகளை அறிய, அவற்றுக்குப் பதிலாக விரிவாக ஆராயப்படும் உயிரி. எ-டு: எலெகன்ஸ் நூற்புழு, பழ ஈ, சுண்டெலி. (பாடநூல் வழக்கு: மாதிரி உயிரி.)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பழைய வழக்கை எடுத்துவிடாதீர்கள். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். வேறு சொல் வைத்திருப்பவர்கள் தனிச்சொல்லாக அனுப்ப வேண்டாம். மேலே உள்ள மண் மாதிரி வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து