பேரு தமிழ்ல இருந்தா மட்டும் லேப்புக்கு ஆர்டர் போகல

நமக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, பாலக்காடு ஜில்லா, வீட்ல தமிழ் ஆபீஸ்ல மலையாளம். இங்க ஒரு ஆஸ்பத்திரியில ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரையும் லேப் சர்வரையும் இணைக்கிற வேலை பாத்தேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருங்க தகவல் மாத்திக்கற ஹெச்எல்7ங்கற வடிவத்துல மெசேஜ், அதைக் கட்டி அனுப்பற எம்எல்எல்பிங்கற முறையில போகும். நெட்வொர்க்ல டேட்டா கொண்டு போற டிசிபில பைட்டு (0ல இருந்து 255க்குள்ள ஒரு நம்பர்) வாய்க்கா தண்ணி மாதிரி வந்துட்டே இருக்கும், ஒரு மெசேஜ் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அது சொல்லாது, அதனால முன்னாடி 11, கடைசில 28, 13னு கண்ட்ரோல் கேரக்டர் வச்சு கட்டி அனுப்பணும். உள்ள ஒவ்வொரு செக்மெண்ட், அதாவது மெசேஜோட ஒவ்வொரு வரி, முடியறதும் அதே 13லதான்.

எல்லாம் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் பேஷண்ட் பேரை அவங்க மொழியிலயே ரிப்போர்ட்ல போடலாம்னு ஒரு அப்டேட் வந்துச்சு, அன்னைக்கு காலைல இருந்து தமிழ்ப் பேரு வந்தா ஆர்டர் போகல, வாங்கிட்டேங்கற அக்னாலெட்ஜ்மெண்ட் வராததால அனுப்புற பக்கம் அதையே திருப்பித் திருப்பி அனுப்பிட்டு, பின்னாடி இருக்கறதெல்லாம் க்யூல நின்னுருச்சு. மீனாட்சிபுரத்துல இருந்து வெறும் வயித்தோட சுகர் டெஸ்டுக்கு வந்த ஒரு பாட்டி பத்து மணி வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க. எனக்கு மனசே ஆறல.

நெட்வொர்க்ல போற பாக்கெட்டைப் புடிச்சு பைட்டு பைட்டா பாத்தேன். செல்விங்கற பேரு இப்படி இருந்துச்சு: 154 11 198 11 178 11 205 11 181 11 191 11. பேரை மட்டும் டேட்டாபேஸ்ல இருந்த, எழுத்தை ரெண்டு ரெண்டு பைட்டா எழுதற யூடிஎஃப்-16ல அப்படியே தூக்கி போட்டிருக்காங்க. அதுல தமிழ் எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பைட்டு 11! லேப் சர்வர் ஒவ்வொரு 11ஐயும் பாத்து புது மெசேஜ்னு நெனச்சு, அதுவரை வாங்குனத தூக்கிப் போட்டிருக்கு.

மலையாளம் இன்னும் மோசம், அதுக்கு அந்த பைட்டு 13. பேரோட முதல் எழுத்துலயே செக்மெண்ட் முடிஞ்சு, பின்னால வர்ற பிறந்த தேதி, ஆணா பொண்ணாங்கறது எல்லாம் போயிரும், ஆனா ஆர்டர் மட்டும் உள்ள போயிரும். ஹீமோகுளோபின் அளவு ஆணுக்கு வேற பொண்ணுக்கு வேற, அந்த ரிப்போர்ட்டை எதை வச்சு பாக்கறது? நிக்கறதை விட இப்படி தப்பா போறதுதான் எனக்கு பயம்.

யூடிஎஃப்-8க்கு மாத்தி, மெசேஜ் எந்த எழுத்து முறைல இருக்குன்னு சொல்ற எம்எஸ்ஹெச்-18ங்கற இடத்துலயும் அதையே போட்டோம். அதுல நம்ம எழுத்து மூணு மூணு பைட்டு, எல்லாமே 127க்கு மேல, அதனால 11ம் 13ம் வர வழியே இல்ல. செல்வியை மறுபடி அனுப்பினேன், உடனே ஏத்துக்கிட்டேங்கற அர்த்தத்துல ஏஏன்னு பதில் வந்துச்சு. இப்ப எந்த லிங்க் போட்டாலும் டெஸ்ட் பேஷண்ட்ல தமிழ்ப் பேரு ஒண்ணு, மலையாளப் பேரு ஒண்ணு அனுப்பிப் பாக்காம கையெழுத்து போடறதில்லைங்க.