பார் கவுன்சில், பார் அசோசியேஷன் தேர்தல்: உங்கள் அனுபவம்?

தாலுகா வக்கீல்:
நம்ம ஊர் வக்கீல் சங்கத் (பார் அசோசியேஷன்) தேர்தலில் சாயங்காலம் ஓட்டு முடிந்தால் ராத்திரியே மாலை, பட்டாசு. மாநில வக்கீல்கள் எல்லாருக்குமான பார் கவுன்சில் அப்படியில்லை. 2018 தேர்தலில் சீனியர் சொன்னார் என்று ஒருவருக்கு ஏஜென்டாகப் போய் உட்கார்ந்தேன். எண்ணிக்கை சுற்றுச் சுற்றாக நாள்கணக்கில் ஓடியது.

அப்போது உறுப்பினர் இடம் 25. ஆனால் உங்கள் வாக்குச்சீட்டுக்கு மதிப்பு ஒரே ஓட்டுதான்; 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம், அவ்வளவே. செல்லுபடியான ஓட்டு 52,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடங்களைவிட ஒன்று கூடுதலாக, அதாவது 26-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 2,001. அதைத் தொட்டவர் ஜெயித்தார்; அவருடைய உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவரைத் தூக்கிவிட்டு அவருடைய வாக்குச்சீட்டுக் கட்டைப் பிரித்து, அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் பங்குவைப்பார்கள். முதல் சுற்றில் எங்கோ கீழே கிடந்த எங்கள் ஆள் இப்படிப் பிரிந்து வந்த சீட்டுகளில்தான் மேலே ஏறினார்.

அதனால் 'ரெண்டாவதாவது போடுங்க சார்' என்று எல்லா ஊர் பாரிலும் (வக்கீல் சங்கத்திலும்) கெஞ்சுவது வீண். உள்ளூர் வேட்பாளர் சீக்கிரமே கழன்றுவிடுவார் என்று தெரிந்த பாரில் கேளுங்கள். அவர் கடைசிவரை தாக்குப்பிடித்தால் அவர் கட்டில் இருக்கும் உங்கள் '2' அங்கேயே தூங்கும்.

செல்லாத ஓட்டு வேறு. ஒரு சீட்டில் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார் ஒரு புண்ணியவான்! வக்காலத்து என்று நினைத்தாரோ என்னவோ.

முன்னாள் பொருளாளர்:
அசோசியேஷன் கதையைக் கேளுங்கள். எங்கள் சங்கத்தில் சண்டை ஓட்டுப் பெட்டியில் இல்லை, வாக்காளர் பட்டியலில்; சந்தா பாக்கி இல்லாதவர் பெயர்தான் அதில் வரும். வருஷம் முழுக்கச் சந்தா கேட்டு நடையாய் நடப்பேன், 'அடுத்த மாசம் பார்க்கலாம் சார்' என்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒரு வேட்பாளரின் ஜூனியர் கட்டுப் பணத்தோடு வந்து நீளப் பட்டியலை நீட்டி, 'இவங்க பாக்கி எல்லாம் கட்டிக்கிறோம்' என்றார். அவரவர் வந்து கட்டினால்தான் ரசீது என்று சொல்லிவிட்டேன். அதோடு நான் எதிர் அணி ஆகிவிட்டேன்.

பக்கத்து ஊர் பாரிலும் ஓட்டு, இங்கேயும் ஓட்டு என்று சிலர். உச்ச நீதிமன்ற பார் அசோசியேஷன் வழக்கில் 2011-லேயே 'ஒரு பார், ஒரு ஓட்டு' விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தாயிற்று. அந்தத் தீர்ப்பின் நகலைச் சங்கப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் காலை காணோம்!

ஜெயித்து வந்த பிறகு என்ன வேலை என்கிறீர்கள்? தண்ணீர் கேன், கழிப்பறைச் சாவி, கரன்ட் பில். பொதுக்குழுவில் கோர்ட் புறக்கணிப்புத் தீர்மானம் என்றால் ஹால் நிறையும். கணக்கு வாசிக்க எழுந்தால் கேன்டீன் நிறையும்.

செஷன்ஸ் பக்கம் (பெண் வழக்கறிஞர்):
எங்கள் பாரில் பெண்களுக்கென்றே ஒதுக்கியதுபோல் ஒரு பதவி உண்டு: நூலகர். அதற்கு மேல் கேட்டால், 'உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?'

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் வளாகத்து பார் அசோசியேஷன் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு பொருளாளர் பதவியையே பெண்ணுக்கு ஒதுக்கியது. எங்கள் சங்க பைலாவை (விதிகளை) அதேபோல் திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தேன். 'அது டெல்லிக்கு மட்டும்' என்றார் தலைவர். சரி என்று இந்த முறை பொதுப் பதவிக்கே, செயலாளருக்கு, வேட்புமனு போட்டிருக்கிறேன்.

பொருளாளர் சார், அந்தச் சந்தாப் பட்டியல் விஷயத்தில் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தீர்களா, வாய்மொழிதானா? எனக்கும் இப்போது அதே தலைவலி.

முன்னாள் பொருளாளர்:
எழுத்தில்தான் மேடம். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வரைவுப் பட்டியல் ஒட்டிய அன்றே கொடுத்துவிடுங்கள்.