ஏற்காட்டில் விடுதிப் பள்ளி: அனுபவமுள்ள பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் மஸ்கட்டில் பணிபுரிகிறோம். 7 வயது மகனை வரும் ஜூனில் ஏற்காட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறோம். 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் போன்ற பழைய பள்ளிகள் அங்கு இருப்பதும், சேலம் அஸ்தம்பட்டியில் என் அம்மா வசிப்பதும்தான் இந்த எண்ணத்துக்குக் காரணம். ஆனால் அம்மாவுக்கு 68 வயது; தொலைவு 30 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஐப்பசி மழையில், நினைத்தபோதெல்லாம் அவரால் மலையேறிப் போய்வர இயலாது.

எனவே, இந்த வயதில் பிள்ளையை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். இரவில் காய்ச்சல் கண்டால் உடன் இருப்பவர் யார், நிலைமை முற்றினால் சேலத்துக்கு அழைத்து வருவார்களா, வாரத்தில் எத்தனை முறை தொலைபேசியில் பேச விடுவார்கள், அவனுடைய அம்மாயியை, அதாவது என் அம்மாவை, உள்ளூர்ப் பாதுகாவலராக ஏற்க எங்களிடமிருந்து என்ன கடிதம் கேட்பார்கள்? கட்டண விவரத்தைப் பள்ளிகளிடமே கேட்டுக்கொள்வேன்.

அவன் இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குகிறான். அதை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. உங்கள் பிள்ளைக்கு முதல் மாதம் எப்படிக் கழிந்தது, இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்கலாம் என்று பிற்பாடு எண்ணினீர்களா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.