180 வீடுகளுக்குக் குப்பைச் சேவை: ஒரே ஒப்பந்தமா, அவரவர் ஏற்பாடா?

கேள்வி

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 180 தனி வீடுகள். அவரவர் விருப்பப்படி குப்பை எடுக்க ஏற்பாடு செய்திருப்பதால் மூன்று நிறுவனங்களின் லாரிகள் வாரத்தில் ஐந்து நாள் வருகின்றன. சங்கத்தின் முன் மூன்று வழிகள்: இப்படியே விடுவது, சங்கமே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது, மறுசுழற்சிப் பொருளை மட்டும் பொது இடத்தில் தொட்டி வைத்துச் சேர்ப்பது. மறுசுழற்சிக்கு உரியதை எல்லாம் ஒரே தொட்டியில் போடலாம் என்கிறது ஒரு நிறுவனம். கட்டணமும் அதில்தான் குறைவு. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1

விலைப்புள்ளி கேட்கும் முன் குப்பையை அளந்துவிடுங்கள். அளவு தெரியாமல் கேட்டால், தனக்கு நஷ்டம் வராத அளவைப் போட்டுத்தான் நிறுவனம் கட்டணம் சொல்லும். பாதிக் காலியான தொட்டிக்கும் பணம் கட்டுவீர்கள்.

20 வீடுகள் போதும். தனியாக இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீடு, பெரிய குடும்பம் எல்லாம் கலந்திருக்க வேண்டும். விடுமுறை வாரம் வேண்டாம். ஏழு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி ஐந்தாகப் பிரியுங்கள்: உணவுக் கழிவு, காகிதமும் அட்டையும், பாட்டில் டப்பா வகை, டயப்பர் நாப்கின், மீதி. தடித்த கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் எடை, கொள்ளளவு இரண்டையும் குறியுங்கள். அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. உணவுக் கழிவு நேர்மாறு. எத்தனை தொட்டி என்பதைக் கொள்ளளவு சொல்லும். லாரி குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில் கட்டணம் பெரும்பாலும் எடைக்குத்தான்.

ஒரு கணக்கு: 20 வீடுகளின் மறுசுழற்சிப் பொருள் 1,300 லிட்டர் என்றால் வீட்டுக்கு 65, மொத்தம் 11,700 லிட்டர். 1,100 லிட்டர் தொட்டியில் 80 சதவீதமே நிரம்புவதாக வைத்தால் 880. வாரம் ஒருமுறை எடுக்க 14 தொட்டி வேண்டும். இருமுறை எடுத்தால் 7 போதும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் போதாது. இடைவெளி 3 நாள், 4 நாள் என்றுதான் விழும். 4 நாளில் சேர்வது சுமார் 6,690 லிட்டர், அதற்கு 8 தொட்டி தேவை. அந்த ஒன்று குறைந்தால் வாரம் தவறாமல் தரையில் மூட்டை கிடக்கும். ஒரு மூட்டை கிடந்தால் அங்கேயே பத்து சேரும்.

பதில் 2

ஒரே ஒப்பந்தம்தான் என் பரிந்துரை. தெருவுக்குள் மூன்று லாரி போகும் வேலையை ஒன்று முடித்துவிடும். சாலைச் சேதம் அச்சுச் சுமையின் (வண்டியின் ஓர் அச்சு தாங்கும் எடை) ஏறக்குறைய நான்காம் மடிக்கு ஏற்ப ஏறுகிறது. சுமை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. உள்சாலையைச் சங்கமே பராமரிக்கிறது என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் சண்டை வருவது வேறு நான்கு இடங்களில்தான்:

- தானாகப் புதுப்பிக்கும் விதி. முடிய 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்லாவிட்டால் மறுபடி மூன்று ஆண்டு என்று இருந்தால், அந்தத் தேதியைச் சங்கம் மறந்துவிடும். புதுப்பிக்க இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள்.
- எரிபொருள் கூடுதல் கட்டணம். அறிவிக்கப்படும் எந்த எரிபொருள் விலையை அடிப்படையாகக் கொள்வது, விலை இறங்கினால் கட்டணமும் இறங்குமா என்று எழுதியிருக்க வேண்டும்.
- விடுபட்ட வீடு. புகார் சொன்ன எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்? 24 மணி நேரம் நியாயமானது. வராவிட்டால் பில்லில் பணம் குறைக்கப்படும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.
- தொட்டி யாருடையது. நிறுவனத்தினுடையது என்றால் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் 180 வீடும் தொட்டியில்லாமல் நிற்கும். முடிந்தால் சங்கமே வாங்கிவிடுங்கள்.

பதில் 3

அந்த 'ஒரே தொட்டி' யோசனையைப் பற்றி மட்டும். குறைந்த கட்டணம் வசதியானதுதான், ஆனால் தரத்தை அது விழுங்கிவிடும். லாரி அழுத்தும்போது கண்ணாடி உடைந்து சில்லு காகிதத்துக்குள் ஏறும். கழுவாத டப்பாவின் ஈரம் அட்டையில் ஊறும், ஊறிய அட்டையை ஆலை எடுக்காது. 2018இல் சீனா, தான் இறக்குமதி செய்யும் மறுசுழற்சிச் சரக்கின் கலப்பட வரம்பை 0.5 சதவீதமாக இறுக்கியபோது, கலந்து சேர்த்த சரக்குதான் உலகெங்கும் முதலில் தேங்கியது.

காகிதமும் அட்டையும் ஒன்று, பாட்டிலும் டப்பாவும் ஒன்று என்று இரண்டாகவாவது பிரியுங்கள். கண்ணாடிக்குப் பொது இடத்தில் தனித் தொட்டி, 240 லிட்டருக்கு மேல் வேண்டாம். நிரம்பினால் தள்ள முடியாது.

முக்கோண அம்புக்குள் எண் இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்ற நம்பிக்கையை முதலில் போக்க வேண்டும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. 1 எண் பாட்டிலோடு 3 எண் பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலும், பாட்டிலை உருக்கும் சூட்டில் பி.வி.சி. கருகி அமிலம் விட்டு மொத்தச் சரக்கையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடவே கூடாது: தரம் பிரிக்கும் எந்திரத்தின் சுழல் தண்டுகளில் பை சுற்றிக்கொள்ளும், நிறுத்தி ஆள் இறங்கிக் கத்தியால் அறுக்க வேண்டியிருக்கும். லித்தியம் பேட்டரி எந்தத் தொட்டியிலும் போகக் கூடாது. லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேருங்கள்.

கேட்டவர்

நன்றி. உணவுக் கழிவை உள்ளேயே உரமாக்கிவிட்டால் லாரி வருவதைக் குறைக்கலாமா?

பதில் 4

குறைக்கலாம். வாரத்துக்கு இத்தனை முறை எடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே உணவுக் கழிவுதான். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள். அதனால் அது வாரத்துக்கு மேல் தொட்டியில் இருக்க முடியாது. அது போய்விட்டால் மீதியில் டயப்பர், நாப்கின் தவிர மற்றவை காத்திருக்கும்.

ஆனால் உரமாக்கக் கழிவோடு காய்ந்த இலை கலக்க வேண்டும், அதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பங்கு உணவுக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, கொள்ளளவில். நாளுக்கு 100 கிலோ கழிவு என்றால் சுமார் கால் கனமீட்டர். இலை அரை கனமீட்டர், தினமும். இலை உதிராத மாதங்களுக்கும் சேமித்து வைக்க இடம் வேண்டும்.

குவியல் ஒரு கனமீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. 55 டிகிரியைத் தாண்டி, கிளறிக் கிளறி, பல நாள் நீடித்தால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். நீண்ட தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, உடனே கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் இலை போதவில்லை.

180 வீட்டோடும் தொடங்க வேண்டாம். அளக்க எடுத்த அதே 20 வீடுகளோடு இரண்டு மாதம் நடத்துங்கள். எத்தனை முறை லாரி என்ற வரியை அதுவரை ஒப்பந்தத்தில் மாற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள்.